முதல் வரி, கடைசி வரி

விருத்தாசலம்
29.6.2008, ஞாயிறு

தனக்கோடிக்கு,

நலம் என்று ஆரம்பிக்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். நலமில்லை. சாம்பாருக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்து, சந்தேகத்தின் பலனை சாம்பாருக்கே கொடுத்து இன்னொரு கை போட்டுவிட்டேன். மூன்று வேளையாக மோர்ச்சோறு.

வியாழக்கிழமை ஸ்கூல் விட்டு வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு மாரியம்மாள் சாவியைக் கொடுத்து, "அக்கா திட்டக்குடிக்கு அவங்க அக்கா வூட்டுக்குப் போயிருக்குதுங்க சார்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டியதுதானே? நின்று என் முகத்தைப் படித்தாள். நான் அவள் வாசற்படி இறங்கி வருவதற்குள் தெருவே படித்துவிட்டது.

உன் அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் உன் குரல் கேட்டது. "போன்ல பேச மாட்டேன். எதுவா இருந்தாலும் எழுதச் சொல்லு. பேப்பர்ல குறுக்க பேச முடியாதில்ல." இதை ராஜாம்பாள் அக்கா வேறு, நான் செவிடன் மாதிரி, நிறுத்தி நிறுத்தி எனக்குத் திருப்பிச் சொன்னார். ஆகவே ஐம்பத்தோரு வயதில், சொந்தப் பெண்டாட்டிக்கு, தபால்தலை ஒட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். மகள் சண்முகப்ரியாவுக்குத் தெரிந்தால் திருப்பூரிலிருந்து சிரிப்பது இங்கே கேட்கும். பிரசவத்துக்கு ரெண்டு மாசம் இருக்கிற பெண் அவ்வளவு சிரிக்கக் கூடாது. அதனால் சொல்லவில்லை.

நான் அதிகம் பேசுகிறேன், அதுதானே குற்றம்? தனக்கோடி, நீ காரணத்தைப் பார்க்க வேண்டும். இருபத்தைந்து வருஷமாக சமூக அறிவியலை நின்றுகொண்டு, தொண்டை கிழியக் கத்தி நடத்தியவன் நான். இந்த வருஷம் ஏ.எல்.எம். என்று புது முறை வந்து என் வாயைப் பூட்டிவிட்டார்கள். பாடத்தை வாத்தியார் அறிமுகம் செய்யலாம், அவ்வளவுதான். அப்புறம் பிள்ளைகளே படிக்க வேண்டும். புரியாத சொல்லுக்குக் கோடு போட வேண்டும். பாடத்தைப் பார்த்துக் கேள்வி எழுப்ப வேண்டும். நடுவில் வட்டம் போட்டு, பாடத்தின் உயிர் எதுவோ அதை உள்ளே எழுதி, சுற்றிலும் கிளை இழுத்து மனவரைபடம் போட வேண்டும். புத்தகத்தை மூடி வைத்து, சொந்த வார்த்தையில் தொகுத்து எழுந்து சொல்ல வேண்டும். வாத்தியார்? சுவரில் பல்லி மாதிரி இருக்க வேண்டும்.

ஏழாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் வாய்க்குள்ளேயே படிக்கிறார்கள். ஃபேன் சுற்றுகிறது. ஜன்னலுக்கு வெளியே பீங்கான் சூளைப் புகைபோக்கி, மேலே போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி ஒரு கோடு புகை. எனக்குக் கண் சொருகுகிறது. பிள்ளைகள் எல்லாம் வெள்ளைப் பீங்கானாக மாறி வரிசையாக உட்கார்ந்திருப்பதாக ஒரு தோற்றம். பேசினால் விரிசல் விட்டுவிடும் என்று நானும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறேன். இப்படி நாள் முழுக்க அடைத்து வைத்த பேச்சை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்? வீட்டில்தானே கொட்ட முடியும்?

கியாசுதீன் சாரிடம் சொல்லி அழுதேன். அவர் கணக்கு வாத்தியார், அழுகையைக் கேட்டுக்கொண்டே பேப்பர் திருத்துகிறார். அதுவும் ஒவ்வொரு வரியாக. பார்க்கவே பாவமாக இருந்தது. நானாக இருந்தால் ஒரு மத்தியானத்தில் ஒரு கட்டை முடித்துவிட்டு டீக்கும் போய் வந்திருப்பேன். "எப்படி சார்?" என்றார். முதல் வரி, கடைசி வரி, அவ்வளவுதான் சார் என்றேன். நடுவில் இருப்பது எல்லோரும் எழுதுவதுதானே.

ஷோகேஸில் நீ கண் எழுதாமல் விட்டுவைத்திருக்கும் அந்தப் பீங்கான் பெண் பொம்மையோடு தற்சமயம் பேசிக்கொண்டிருக்கிறேன். கண் இல்லாவிட்டால் என்ன, காது இருக்கிறது.

எப்போது வருகிறாய்?

உன்
பழமலைநாதன்


திட்டக்குடி
3.7.2008

வாத்தியாருக்கு,

உங்க லெட்டர் வந்துது. நான் சௌக்கியமா வந்து சேந்தேன். அக்காவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்குது. மாடி மெத்தைல நின்னு பாத்தா தூரத்துல வெலிங்டன் ஏரி தெரியுது. தண்ணி கம்மி, நடுவுல மண்ணுதான் தெரியுது.

கோவிச்சிக்கிட்டு வந்துட்டேன்னு தெருவுல பேசிக்குவாங்க. கோவம் இல்ல. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும், அத அங்க இருந்து சொல்ல முடியல, அதான் வந்தேன். தூரமா வந்தாதான் கிட்ட பேச முடியும்போல இருக்குது.

போன மாசம் ஒரு நாள் சோறு போடும்போது, "எனக்குக் கண்ணு சரியில்லைங்க"ன்னு ஆரம்பிச்சேன். நீங்க உடனே டிரெய்னிங் குடுக்க வந்தவரோட கண்ணாடி மூக்குல நிக்காத கதைய ஆரம்பிச்சிட்டிங்க. நானுந்தான் சிரிச்சேன். இன்னொரு நாள் "ஆஸ்பத்திரிக்குப் போனேன்"னு சொன்னேன். நீங்க ஹெட்மாஸ்டரு மூலத்துக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டதச் சொன்னிங்க. கடைசியா "பாண்டிச்சேரிக்குப் போவணும்"னேன். அதுக்கு நீங்க கியாசுதீன் சார் எப்பவோ டூர் போனப்ப பீச்சுல செருப்பத் தொலைச்சிட்டு ஒத்தக் கால்ல நடந்தத நடிச்சே காமிச்சிட்டிங்க. ஒவ்வொரு தடவையும் என் பேச்ச நீங்கதான் முடிச்சி வெச்சிங்க.

அதனால எழுதறேன். எனக்கு வலது கண்ணுல புரை. ரெண்டு கண்ணுலயும் இருக்குதாம், வலதுதான் முத்திப் போச்சாம். பீங்கான் செட்டுல பொம்மைக்குக் கண்ணு எழுதும்போது ஒரு கண்ணு மேலயும் ஒரு கண்ணு கீழயும் போவுது. மொதல்ல பிரஷ்ஷு சரியில்லன்னு நெனச்சேன். கூட வேல செய்யற ஆராயி ஒரு பொம்மைய எடுத்துப் பாத்துட்டு, "ஏன்க்கா இது என்னப் பாக்குதா ஒன்னப் பாக்குதா"ன்னு கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்பறம் அதுதான் என்னக் கண்ணு கேம்புக்குக் கூட்டிட்டுப் போச்சு. இந்த மாசம் இருபத்தொண்ணாந்தேதி திங்கக்கிழமை காலைல பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில வந்து சேரச் சொல்லியிருக்காங்க. மறுநாள் ஆபரேஷன். கூட ஒரு ஆள் இருக்கணுமாம். எல்லாருக்கும் பண்றதுதான், பயப்படாதிங்கன்னு சொன்னாங்க. எனக்குப் பயமாத்தான் இருக்குது. கண்ணு வெச்சிதான நான் இத்தன வருஷம் பொழச்சேன். நீங்க வர்றிங்களா?

இங்க மத்தியானத்துல நல்லா தூக்கம் வருது. ஒரு கனா. சூளைலேர்ந்து எடுத்த பொம்மைங்க, இன்னும் கண்ணு எழுதாததுங்க, வரிசையா ஏரிக்குள்ள எறங்கி வருதுங்க. தண்ணி முட்டி அளவுதான். எல்லாம் என் பக்கம் திரும்பி நிக்குதுங்க. நான் கையில பிரஷ்ஷோட நிக்கிறேன். எதுவும் அவசரப்படுத்தல. அக்கரைல நீங்க நின்னு பேசிக்கிட்டே இருக்கிங்க. வாய் அசையுது, சத்தம் வரல. என்ன சொல்றிங்கன்னு கேக்கக்கூட எனக்குத் தோணல.

மொட்டை மாடில கொத்தவரங்கா வத்தல் காயுது. மழை வர்றதுக்குள்ள எடுத்து வெச்சிருங்க.

தனக்கோடி


விருத்தாசலம்
7.7.2008

தனக்கோடிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. கையில் வாங்கியதும் பாதி உயிர் வந்தது. சௌக்கியமாகச் சேர்ந்தாய் என்பதைப் படித்ததும் மீதியும் வந்தது.

வத்தலை எடுத்து வைத்துவிட்டேன். எடுத்தேன் என்று சொன்னால் அடங்காது. மழை வந்தது, நான் ஓடினேன், மாடிப்படியில் வேட்டி தடுக்கியது. வத்தலில் பாதியை நான் காப்பாற்றினேன், மீதி மாரியம்மாள் வீட்டு ஓட்டின் மேல் இருக்கிறது. அவள் அதைத் தன் வத்தல் என்று சொல்லிவிடுவாளோ என்று காலையிலிருந்து கண்காணித்து வருகிறேன்.

ஏரியில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். ஆடி பிறக்கட்டும், நிலைமை மாறும். ராஜாம்பாள் அக்காவின் முட்டிக்கு வேப்பூர் பக்கம் ஒருவர் எண்ணெய் தருகிறாராம். கியாசுதீன் சாரின் மச்சான் அதைத் தடவித்தான் பஸ்ஸில் ஜன்னல் வழியாக ஏறி இடம் பிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டாராம். சொல்லிவை.

ஒரு குறை சொல்லட்டுமா? உன் கையெழுத்து. குண்டு குண்டாக, கோலப்புள்ளி வைத்த மாதிரி எழுதுவாயே, இந்தத் தடவை வரிகள் எல்லாம் மேலே ஏறி ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. ஏரிக்காற்றில் காகிதம் பறந்ததா? என் வகுப்பாக இருந்தால் அழகுக்கு உள்ள மார்க்கைக் கழித்திருப்பேன்.

வகுப்பில் இன்னும் மௌனம்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. எனக்கு அது கொஞ்சம் பிடித்துப்போய்விட்டது. மத்தியானப் பாடவேளையில் நாற்பது பென்சில் காகிதத்தில் ஊர்கிற சத்தம், எங்கோ தூரத்தில் மழை வருகிற மாதிரி இருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே இருந்தால் கடம்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கிற மாதிரி தோன்றுகிறது. நான் கடம்பூர் போனதே இல்லை.

பஸ் ஏறும் முன் போன் பண்ணு. மன்னிக்கவும், எழுது.

உன்
பழமலைநாதன்


திட்டக்குடி
11.7.2008

வாத்தியாருக்கு,

லெட்டர் வந்துது. வத்தல எடுத்து வெச்சிட்டிங்கன்னு எழுதியிருந்திங்க. முட்டிக்கு எண்ணெய் எழுதியிருந்திங்க. சரி.

நான் ஒண்ணு கேட்டிருந்தேன். அதுக்குப் பதில் இல்ல.

மறுபடி எழுத மாட்டேன். எழுதறது எனக்கு இப்ப அவ்வளவு சுலபம் இல்ல. அந்த லெட்டரு உங்ககிட்டதான இருக்குது. பிள்ளைங்க எப்படிப் பாடம் படிக்கணும்னு தினம் சாயங்காலம் எனக்குச் சொல்லுவிங்களே. கோடு போடறது, கேள்வி கேக்கறது, வட்டம் போடறது, மூடி வெச்சிட்டுச் சொல்றது. வெங்காயம் நறுக்கிக்கிட்டே கேட்டு எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சி. உங்களுக்கு ஆனமாதிரி தெரியல.

அக்கா கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க.

தனக்கோடி


விருத்தாசலம்
14.7.2008

தனக்கோடிக்கு,

நீ கேட்டதற்குப் பதில் எழுதவில்லை என்று கோபித்திருக்கிறாய். நியாயம். நீ என்ன கேட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷக் குடித்தனத்தில் நீ வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

மிக்ஸி ஜாரை மாற்றிவிட்டேன். பின்கட்டுக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, தானாகவே. பீரோவின் மேல்தட்டில் என் பழைய புத்தகங்களைக் காலி செய்து உன் புடவைக்கு இடம் விடச் சொல்லியிருந்தாய், விட்டுவிட்டேன். இனி நான் வீட்டில் பேசுவது சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை மட்டும், விருந்தாளி வந்தால் ஏழரை. போதுமா? கேட்டது இதில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

வகுப்பில் ஒரு விஷயம் நடந்தது. சோழர்கள் பாடம். நாற்பது பிள்ளைகளில் முப்பத்தொன்பது பேர் வட்டத்துக்குள் 'சோழர்கள்' என்று எழுதிவிட்டுக் கிளை இழுத்தார்கள். மஹிரா என்று ஒரு பெண், கடைத்தெருவில் பாய்க்கடை வைத்திருக்கிறாரே அவர் மகள், வட்டத்துக்குள் 'தண்ணி' என்று எழுதியிருந்தாள். "ஏம்மா, தலைப்புல சோழர்கள்னு கொட்டை எழுத்துல போட்டிருக்குதே?" என்றேன். "தலைப்புல அவங்கதான் சார் இருக்காங்க. உள்ள படிச்சா ஏரி, மதகு, கால்வாயி, எல்லாம் தண்ணியாத்தான் இருக்குது" என்றாள். கரும்பலகையில் அவள் படத்தைப் பெரிதாகப் போடச் சொன்னேன். பாடத்தைத் தலைப்பை வைத்துப் படிக்கக் கூடாது பிள்ளைகளே என்று, எனக்கு அனுமதிக்கப்பட்ட பேச்சு முழுவதையும் அதற்கே செலவழித்தேன்.

எப்படி நம் வகுப்பு?

உன்
பழமலைநாதன்


திட்டக்குடி
17.7.2008

வாத்தியாருக்கு,

நான் பாத்துக்கறேன்.

தனக்கோடி


விருத்தாசலம்
20.7.2008, ஞாயிறு, மத்தியானம்

தனக்கோடி,

உன் கார்டு நேற்று வந்தது. ஒரே வரி. முதல் வரியும் அதுதான், கடைசி வரியும் அதுதான். தாண்டிப் போக இடமில்லாமல் அதன் மேலேயே நின்றுகொண்டிருந்தேன். தபால்காரர், "நல்ல சேதிங்களா சார்?" என்றார். அவர் ஏற்கெனவே படித்திருப்பார். எனக்கு என்ன சேதி என்று அவரிடமே கேட்கலாம் போல இருந்தது.

இன்று சாப்பிட்டுவிட்டு உன் முதல் கடிதத்தை எடுத்தேன். பிள்ளைகள் மாதிரி தரையில் உட்கார்ந்தேன். கையில் பென்சில். காகிதம் பறக்காமல் இருக்க உன் செட்டில் கொடுத்த விரிசல் விட்ட பீங்கான் பியூஸ் கட்டையை வைத்தேன். தெருவில் சத்தமே இல்லை. ஷோகேஸிலிருந்து கண் எழுதாத அந்தப் பெண் என்னை மேற்பார்வை பார்த்தாள்.

முதலில் கோடு போடும் வேலை. எனக்கென்ன, தெரியாத சொல் ஒன்றும் இருக்காது என்று பென்சிலைச் சும்மா ஓட்டிக்கொண்டே போனேன். நான்காவது பத்தியில் 'புரை' என்று இருந்தது. தெரிந்த சொல்தான். நம் வீட்டில் அது என்ன செய்கிறது என்று தெரியவில்லை. கோடு போட்டேன். அதற்கப்புறம் பென்சிலை எடுக்க முடியவில்லை, பத்தி முழுக்கக் கோடாகிவிட்டது.

அடுத்தது வட்டம். உன் கடிதத்தின் நடுவில் என்ன இருக்கிறது? நான் பேசுகிறேன் என்பதுதானே உன் புகார், அதனால் வட்டத்துக்குள் என் பெயரை எழுதினேன். கிளை இழுத்துப் பார்த்தேன். ஆராயி நிற்கவில்லை. கண் கேம்ப் நிற்கவில்லை. பிரஷ், பொம்மை, பாண்டிச்சேரி, ஒன்றும் என் பெயரில் வந்து ஒட்டவில்லை. நான் இந்தப் பாடத்தின் தலைப்பில் மட்டும்தான் இருக்கிறேன். ரப்பரால் அழித்தேன். அழித்த இடத்தில் 'கண்' என்று எழுதினேன். எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டன. ஏரிக்குள் இறங்கி வந்த பொம்மைகள்கூட.

உன் எழுத்து ஏன் மேலே ஏறியது என்றும் அப்போதுதான் புரிந்தது. அழகுக்கு மார்க் கழிப்பேன் என்று எழுதியிருந்தேன். அதைப் பற்றி இங்கே வேடிக்கையாக ஒன்றும் எழுத வரவில்லை.

கடைசியாக, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். உன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். சொல்கிறேன்.

தனக்கோடிக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. கண் எழுதுவது அவளுடைய வேலை. அதைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தபோது அவளும் அங்கே இருந்தாள். புருஷனிடம் சொல்ல வந்தாள். அவன் பேசினான். மறுபடியும் வந்தாள், பேசினான். அவள் அவனுடைய பேச்சுக்குச் சிரிக்கக்கூடச் செய்தாள். பிறகு நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போய், சரியாகத் தெரியாத கண்ணோடு எழுதிக் கேட்டாள். நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அவளுக்குப் பயமாக இருக்கிறது. "நீங்க வர்றிங்களா" என்று கேட்டிருக்கிறாள். கேட்டு இன்றைக்குப் பதினேழு நாள் ஆகிறது.

சரியாகச் சொன்னேனா?

தபாலில் போட்டால் இது செவ்வாய்க்கிழமைதான் வரும். நானே எடுத்துக்கொண்டு நாலு மணி பஸ்ஸில் வருகிறேன். உன் கையில் கொடுப்பேன். நீ படிக்கச் சிரமப்பட்டால் அக்காவைப் படிக்கச் சொல். நான் படித்தால் நடுவில் ஏதாவது சேர்த்துவிடுவேன். நீ படித்து முடிக்கிறவரை வாசலில் நிற்கிறேன். வாயைத் திறக்க மாட்டேன்.

வர்றேன்.

பழமலைநாதன்


திட்டக்குடி
3.8.2008

வாத்தியாருக்கு,

ஒரு கண்ணுல கறுப்புக் கண்ணாடி, கொட்டை கொட்டையா எழுதறேன். ஆபரேஷன் ஆனப்பறம் என்ன இங்க கொண்டாந்து விட்டுட்டு, நீங்க லீவு முடிஞ்சி ஸ்கூலுக்குப் போனதுலேர்ந்து அக்கா வூடு அமைதியா இருக்குது. அக்காவுக்கு எண்ணெய் தடவி ஒண்ணும் குறையல. கியாசுதீன் சார் மச்சான ஒரு தடவ நேர்ல பாக்கணும்னு சொல்றாங்க, திட்டறதுக்கு.

அன்னைக்கு நீங்க லெட்டரக் குடுத்துட்டு வாசல்ல நின்னிங்களே, அக்கா "வாங்க மாப்ள"ன்னாங்க, தலைய மட்டும் ஆட்டினிங்க. தொண்டை கட்டிக்கிச்சின்னு நெனச்சி மிளகுப்பால் போட்டுக் குடுத்தாங்க. அதையும் பேசாம குடிச்சிங்க. பாண்டிச்சேரி பஸ்ஸுல விருத்தாசலம் வந்தப்ப நம்ம புகைபோக்கியப் பாத்துட்டு வாயத் தெறந்திங்க. அப்பறம் மூடிக்கிட்டிங்க. நெய்வேலி தாண்டறவரைக்கும் உங்களப் பாத்துக்கிட்டே வந்தேன். இந்த மனுஷனுக்குதான் ஆஸ்பத்திரி வேணுமோன்னு இருந்துச்சு.

கட்டுப் போட்டப்பறம் ஒரே இருட்டு. இன்னொரு கண்ணையும் தெறக்கப் பயமா இருந்துச்சு. பக்கத்துல நீங்க இருக்கிங்களான்னே தெரியல, அவ்வளவு அமைதி. "இருக்கிங்களா"ன்னு கேட்டேன். "இருக்கேன்"னிங்க. "எதாச்சும் பேசுங்களேன்"னேன். "எதப் பத்திப் பேசட்டும்?"னு கேட்டிங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க அப்படிக் கேட்டதே இல்ல. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, கண்ணுல தண்ணி வரக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. பிள்ளைங்க படிக்கறப்ப வர்ற அந்தப் பென்சில் சத்தத்தப் பத்திச் சொல்லச் சொன்னேன். நீங்க மெதுவாச் சொன்னிங்க. கேட்டுக்கிட்டே தூங்கிட்டேன். அதே கனா. அக்கரைல நீங்க நின்னு பேசினிங்க. இந்தத் தடவ சத்தம் வந்துச்சு, தண்ணி மேல நடந்து வர்ற மாதிரி. பொம்மைங்கல்லாம் உங்க பக்கம் திரும்பிப் பாத்துதுங்க.

வெள்ளிக்கிழமை வர்றேன். இங்கேர்ந்து மூணு மணி பஸ்ஸு. வெயில் ஆகாதாம், கறுப்புக் கொடைய எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருங்க. இன்னும் ஒரு மாசத்துக்கு அடுப்புப் பொகை ஆகாது, சமையல் நீங்கதான். ஷோகேஸ்ல இருக்கற பொம்மைய எறக்கித் தொடைச்சி வைங்க. எழுதிப் பாக்கணும், மேல கீழ போவுதா நேரா வருதான்னு. எறங்கினதும் மொதல்ல நான் பேசுவேன். ரொம்ப நாளா சேத்து வெச்சது நெறைய இருக்குது, வூடு வர்ற வரைக்கும் பேசுவேன்.

இங்க பக்கத்து வூட்டுக் கோழி ஒண்ணு தினம் அக்கா கட்டிலுக்குக் கீழ வந்து முட்டை போடுது. முட்டை யாருக்குச் சொந்தம்னு ரெண்டு வூட்டுக்கும் சண்டை. ஆராயி போன் பண்ணுச்சு, செட்டுல நான் இல்லாம பொம்மைக்கெல்லாம் அது கண்ணு எழுதுதாம், எல்லாம் தூங்கி எழுந்த மாதிரியே பாக்குதுங்களாம். ஏரியில கொஞ்சம் தண்ணி வந்திருக்குது.

மாரியம்மாள் ஓட்டு மேல இருந்த வத்தல் என்ன ஆச்சு?

தனக்கோடி


விருத்தாசலம்
5.8.2008

தனக்கோடிக்கு,

வெள்ளிக்கிழமை. திட்டக்குடியில் மூணு மணி பஸ்.

குடை கிடைத்துவிட்டது, ஒரு கம்பி மட்டும் வளைந்திருக்கிறது. பஸ் நிற்கிற இடத்திலேயே நிற்பேன். சமையல் நான், உப்பு ஒரே தடவை. பொம்மையைத் துடைத்து ஜன்னலோரம் வைத்திருக்கிறேன், பிரஷ்ஷும் பக்கத்தில்.

முதலில் நீ பேசு.

பழமலைநாதன்